மலையகத்துச் சீகாரப் பூங்குருவி: வாசகர் கேள்விகள்

எங்கள் லயத்துக்குப் பின்னால் கருநீலக் குருவி ஒன்று மண்ணைக் கிளறித் தின்கிறது. இதுதான் சீகாரப் பூங்குருவியா?
– நானுஓயா வாசகி

அலகைப் பாருங்கள். அலகும் கண்ணைச் சுற்றிய வளையமும் செம்மஞ்சளாக இருந்தால் அது கரும்பூங்குருவி. மலையகத்தில் அதன் ஆணுக்கு நீலச்சாயல் உண்டு. அதனால்தான் இத்தனை பேருக்கு இந்தச் சந்தேகம். சீகாரப் பூங்குருவிக்கு அலகும் காலும் கறுப்பு. ஆணின் தலையும் மார்பும் கருநீலம், தோளில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. பெண் பழுப்பு, தோளில் மட்டும் கொஞ்சம் நீலம். இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தப் பறவை கூச்சம் மிகுந்தது. லயத்துப் பக்கம் வருவது அரிது.

அதை எங்கே பார்க்கலாம்?
– பண்டாரவளை வாசகர்

ஹோர்ட்டன் சமவெளியில், பாதையோரத்து அரெங்கா குளத்தில். பட்டிப்பொல வழியாக விடியலிலேயே போங்கள். 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். காதைத் துளைக்கும் 'ஸ்ரீ' என்ற சத்தம்தான் முதலில் வரும்.

கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வருமா?
– ஹட்டன் வாசகர்

வரலாம். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லைக்குள் இன்னொரு குருவி புகுந்துவிட்டதென்று இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடிவரும். அழியும் நிலையில் உள்ள உயிரை நம் படத்துக்காக அலைக்கழிப்பது அநியாயம்.

எங்கள் மரக்கறித் தோட்டம் ஓடையை ஒட்டியது. நாங்கள் என்ன செய்யலாம்?
– வெலிமடை வாசகர்

இந்தக் கேள்விக்கு நன்றி. 1872இல் இப்பறவைக்கு அறிவியல் பெயர் இட்டபோது, கோப்பித் தோட்டக்காரரான சாமுவேல் பிளையின் பெயரைச் சேர்த்தார்கள். காடுகளை விழுங்கியதும் அதே கோப்பிதான். 1873இல், பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டத் தடை வந்தது. இன்று இக்குருவிக்கு மிஞ்சியிருக்கும் இடத்தில் பெரும்பகுதி அப்படித் தப்பியதே. அதற்குக் கீழே பல இடங்களில் ஓடையோரப் புதர்கள்தான் மிச்சம். அவற்றை வெட்டாமல் விடுங்கள். பூச்சிமருந்து டாங்கியை ஓடையில் கழுவாதீர்கள். பூச்சி, நத்தை, சிறு தவளை எல்லாம் இதன் இரை. பாறை இடுக்கிலோ மரக்கவட்டிலோ பாசியால் செய்த கிண்ணம்போன்ற கூட்டைக் கண்டால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பக்கம் வேலை வைக்காதீர்கள்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவில் கறுப்பு வெள்ளையாக ஒரு பூங்குருவியைக் கண்டேன்.
– ராகலை வாசகி

அது இமயமலைப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி. மார்ச் வரை ஓடைப்பக்கம் தேடினால் மறுபடியும் கிடைக்கும்.