இரண்டு மணி நேரத்து அபு சிம்பெல்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். சென்ற குளிர்காலத்தில் நானும் மனைவியும் ஒரு குழுவோடு எகிப்து போய்வந்தோம். அஸ்வானிலிருந்து அபு சிம்பெலுக்கு விமானத்தில் அழைத்துப்போனார்கள். விடிவதற்குள் எழுந்து, முக்கால் மணி நேரம் பறந்து, இரண்டு மணி நேரம் கோவில்களைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அஸ்வான் திரும்பிவிட்டோம். ஊருக்கு வந்ததும் நண்பர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். “3,200 வருடக் கோவிலை இரண்டு மணி நேரத்தில் பார்த்ததை வெளியே சொல்லாதே. அது பயணமே இல்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், இருந்தாலும் தைத்துவிட்டது. காரணம், உள்ளே என்ன பார்த்தேன் என்று யோசித்தால் கூட்டமும் கைபேசிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. எடுத்த படங்களில் எது எந்த அறை என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது என் மகனும் மருமகளும் செங்கடல் ஓரம் ஹுர்காதாவுக்கு விடுமுறையில் போகிறார்கள். அதில் ஒரே ஒரு நாள் காலை விமானத்தில் கெய்ரோ போய், பிரமிடு, ஸ்பிங்க்ஸ், அருங்காட்சியகம், கடைவீதி எல்லாம் பார்த்துவிட்டு இரவே திரும்புவதாகத் திட்டம். போகச் சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா? இப்படி ஓடி ஓடிப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருப்பது மேலா?

எம்.

அன்புள்ள எம்.,

போகச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எந்தப் பாதி என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் நண்பரோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

பயணத்திலும் இப்போது ஓர் ஆசாரம் கிளம்பியிருக்கிறது. ஓரிடத்தில் பத்து நாள் தங்கியவன் பயணி, அன்றே திரும்பியவன் வெறும் சுற்றுலாக்காரன். விடுப்பும் பணமும் முழங்காலும் ஒருசேர ஒத்துழைக்கிறவர்கள் வகுத்த சட்டம் இது. உங்களைப் போல வாழ்நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு, குழுவோடு கிளம்பி, குழு போகிற வேகத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு அதில் இடமே கிடையாது.

அபு சிம்பெலை வெளியுலகுக்குச் சொன்ன மனிதரே அங்கே தங்கவில்லை. யோகான் லுட்விக் புர்க்ஹார்ட் என்ற சுவிஸ் நாட்டவர், ஷேக் இப்ராகிம் என்று பெயர் வைத்துக்கொண்டு நைல் ஓரமாகப் பயணம் செய்துகொண்டிருந்தார். 1813 மார்ச்சில் வழியில் இறங்கி அரசி நெஃபர்தாரியின் சிறிய கோவிலைப் பார்த்தார். அவ்வளவுதான் என்று நினைத்து, இறங்கிய மணல்சரிவிலேயே ஏறித் திரும்பப் பார்த்தவர், சற்றுத் தெற்கே விலகி நடந்தார். மணலுக்கு மேல் ஒரு சிலையின் தலையும் மார்பின் ஒரு பகுதியும் தெரிந்தன. அடுத்ததற்குத் தலை உடைந்திருந்தது. மற்ற இரண்டில் கிரீடம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணலை அகற்றினால் பெரிய கோவில் ஒன்று கிடைக்கும் என்று எழுதிவைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். 1817 ஆகஸ்டில் மணலை விலக்கி உள்ளே நுழைந்த இத்தாலியர் பெல்சோனிக்கும் ஆற அமரப் பார்க்கும் பாக்கியம் இல்லை. உள்ளே அடித்த வெக்கையில் கை வியர்த்து, வரைகிற தாள் நனைந்துபோனதாக அவரே எழுதியிருக்கிறார்.

அவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியவர்கள் சிலர் உண்டு. வாசலுக்கு இடப்பக்கம் உடைந்துபோன சிலை இருக்கிறதல்லவா, அதன் காலில் கிரேக்க எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சாம்தெக் மன்னன் தெற்கே குஷ் நாட்டின் மீது அனுப்பிய படையில் கூலிக்குப் போன கிரேக்க வீரர்களின் வேலை அது. நதி விட்ட மட்டும் போனோம், அயல்நாட்டுப் படைக்கு இன்னார் தலைவர், எகிப்தியப் படைக்கு இன்னார் தலைவர், இதை எழுதியவர்களில் ஒருவன் அமோய்பிகோஸின் மகன் ஆர்கோன் என்று போகிறது அந்த வாசகம். அப்போதே அந்தச் சிலைக்கு அறுநூறு வயதுக்கு மேல். உங்கள் நண்பர் சொன்ன வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து என்றால் இதுதான். கிரேக்க எழுத்தின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். (உங்கள் மகனிடம் இதை யோசனையாகச் சொல்லிவிடாதீர்கள்.)

ஆகவே தங்கிய நேரத்தை வைத்துப் பார்த்ததை அளப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். சில கட்டடங்கள் ஒரே பார்வைக்காக எழுப்பப்பட்டவை. இரண்டாம் ராமேசஸ் தன் உருவத்தையே 20 மீட்டர் உயரத்துக்கு நான்கு முறை வரிசையாகச் செதுக்கியது எதற்காக? தெற்கே உள்ள நூபியாவிலிருந்து நதி வழியே வருகிறவன் படகில் இருக்கும்போதே மிரள வேண்டும் என்பதற்காக. அவன் இறங்கி வந்து இரண்டு நாள் தங்கி நுணுக்கம் பார்க்க வேண்டும் என்று அந்த மன்னன் எதிர்பார்த்திருக்க மாட்டான். அந்த முகப்பின் முன்னால் வாய் பிளந்து பத்து நிமிடம் நின்றவர் அதற்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட்டார்.

லக்சரில் இருக்கும் கர்னாக் கோவில் அப்படியல்ல. நடு அரசுக் காலத்தில் தொடங்கி கிரேக்க வம்சத்துத் தாலமிகள் காலம் வரை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள், மன்னர் மாற்றி மன்னர் கட்டியது. ஒருவர் எழுப்பியதை இன்னொருவர் பிரித்து, அந்தக் கற்களையே தன் வாயில் கோபுரத்துக்குள் போட்டு நிரப்பியிருக்கிறார். அங்கே இரண்டு மணி நேரத்துக்குப் போனால் தூண்களுக்கு நடுவில் வழி தவறுவது மட்டும்தான் மிச்சம். தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் ஒரு பார்வையில் ஆளை அடித்துவிடும், ஸ்ரீரங்கத்தில் எந்த இடத்தில் நின்றாலும் அப்படி ஒரு பார்வை கிடைக்காது, சுற்றிச் சுற்றி நடந்தாக வேண்டும். ஒரு நாள் விமானப் பயணம் முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாம் வகைக்கு அது வீண் செலவு.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை? என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தக் காலை விமானத்தில் போனவன்தான். கோவிலுக்குள் வழிகாட்டிகள் பேசக் கூடாது என்பதால் வெளியிலேயே படங்களைக் காட்டி எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்கள். அரை மணி அதில் போய்விடும். உள்ளே நுழைந்ததும் கூட்டம் நேரே கருவறைக்கு ஓடும். பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாட்களில் காலைச் சூரியன் மலைக்குள் அவ்வளவு ஆழம் வந்து அங்கே அமர்ந்திருக்கும் நான்கு பேரில் மூவர் மேல் விழும், ப்தா என்ற தெய்வத்தை மட்டும் தொடாது என்று வெளியே கேட்டிருப்பீர்கள். மற்ற நாட்களில் அது நான்கு சிதைந்த உருவங்கள் உட்கார்ந்திருக்கும் சிறிய அறை, அதன் முன் ஒரு நீண்ட வரிசை. வரிசையில் நின்று, படம் எடுத்து, பக்கத்து அறைகளில் எல்லாம் தலையை நீட்டி, அடுத்த கோவிலுக்கு ஓடி, அங்கேயும் அதையே செய்து, வண்டிக்குத் திரும்பியிருப்பீர்கள். பல நாள் தங்கினாலும் இப்படிப் பார்த்தால் இதே கதிதான்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு சுவருக்கு இருபது நிமிடம் கொடுக்க முடியும். பெரிய கோவிலில் நுழைந்ததும் வலப்பக்கம் வரும் வடக்குச் சுவர் அதற்குத் தகும். கி.மு. 1274 வாக்கில், ஆட்சிக்கு வந்த ஐந்தாம் ஆண்டில், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளோடு, இன்றைய சிரியாவில் இருந்த காதேஷ் நகரில் ராமேசஸ் நடத்திய போர் அது முழுவதும் பரவியிருக்கிறது. கீழே எகிப்திய முகாம், கேடயங்களை வரிசையாக நட்டு வேலி கட்டியிருக்கிறார்கள். பிடிபட்ட ஒற்றர்கள் இருவரை உட்காரவைத்துத் தடியால் அடிக்கிறார்கள். எதிரிப் படை மறைந்திருக்கும் இடத்தை அவர்கள் கக்கியதே அடிக்குப் பிறகுதான். மேலே ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் கோட்டை நகரம், ரதத்தில் தனியாளாகப் பாயும் மன்னன். இந்தச் சுவரை நம்பினால் அவன் ஒருவனே ஹிட்டைட்டுப் படையைத் துரத்திவிட்டான். உண்மையில் காதேஷ் அவன் கைக்கு வரவில்லை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து இரு தரப்பும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் ஹிட்டைட்டுப் பிரதி துருக்கியில் அவர்களுடைய தலைநகரில் களிமண் பலகைகளாகக் கிடைத்திருக்கிறது. தோல்வியும் இல்லாத வெற்றியும் இல்லாத ஒரு போரை இவ்வளவு பெரிய சுவரில் வெற்றியாகச் செதுக்கிய அந்தத் துணிச்சலைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

மீதி நேரம் வெளியில். பெரிய கோவில் முகப்பில் அரசியும் பிள்ளைகளும் மன்னனின் முழங்காலுக்கு மேல் வர மாட்டார்கள். அடுத்த கோவிலுக்குப் போனால் நெஃபர்தாரி அவனுக்குச் சரிசமமான உயரத்தில் நிற்கிறாள். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அங்கே நீங்கள் பார்த்த மலை மலையே இல்லை என்பதையும் யாராவது சொன்னார்களா? அஸ்வான் உயர் அணையின் நீர் ஏறிக்கொண்டிருந்தபோது, 1964 முதல் 1968 வரை, யுனெஸ்கோவின் முயற்சியில் இரண்டு கோவில்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே, ஏறத்தாழ 200 மீட்டர் பின்னே கொண்டுபோய் மறுபடி அடுக்கினார்கள். முந்திக்கொண்டு வரும் தண்ணீரைத் தடுக்கத் தற்காலிக அணை ஒன்றைக் கோவிலைச் சுற்றி எழுப்ப வேண்டியிருந்தது. உடைந்து விழுந்த சிலையின் தலையைக்கூட விழுந்து கிடந்தபடியே வைத்திருக்கிறார்கள். பின்னால் மலை போலத் தெரிவது கான்கிரீட் கவிகையின் மேல் கொட்டிய கல்லும் மண்ணும். அருகில் போய் உற்றுப் பார்த்தால் அறுத்த கோடுகள் தெரியும். அந்த அணை தேக்கிய ஏரி எகிப்துப் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 நூபிய மக்களை ஊரைவிட்டுக் கிளப்பியது. அவர்களுடைய வீடுகளை யாரும் எண் போட்டு அறுத்து மேலே ஏற்றவில்லை. விமானத்தில் சன்னலோரம் கிடைத்தவர்களுக்கு அந்த ஏரியின் அகலம் தெரிந்திருக்கும். பஸ்ஸில் போனவர்களுக்குப் பாலைவனம் மட்டும்தான்.

கெய்ரோவுக்கு வருகிறேன். ஹுர்காதாவிலிருந்து பறக்க ஒரு மணி நேரம்தான். ஆனால் கெய்ரோவின் முக்கிய விமான நிலையம் நகரின் ஒரு கோடியில், பிரமிடு மறு கோடியில். நடுவில் அந்த ஊரின் போக்குவரத்து நெரிசல். போக ஒரு முறை, திரும்ப ஒரு முறை. கையில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். கடைவீதியை அடித்துவிடுங்கள். அருங்காட்சியகத்தையும் அடித்துவிடுங்கள். 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட புதிய பெரிய அருங்காட்சியகம் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் “அப்படியே ஒரு எட்டு” என்று ஆசை காட்டுவார்கள். துட்டன்காமனின் கல்லறைப் பொருட்கள் மட்டுமே அங்கே ஐயாயிரத்துக்கு மேல். உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கேதான் ஆம் என்பேன்: அதை ஒரு மணி நேரத்தில் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பது மேல்.

பிரமிடு ஒரு பார்வைக்கு உரியது. அதோடு ஒரு சுற்றும் வேண்டும். கூஃபுவின் பிரமிடு ஒரு பக்கம் 230 மீட்டர், நான்கு பக்கமும் சேர்த்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பிரதட்சிணம் போல மெதுவாக ஒரு முறை நடக்கச் சொல்லுங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் வாசல் பக்கம் நின்று படம் எடுத்துவிட்டு ஒட்டகக்காரர்களுக்குப் பயந்து வண்டியில் ஏறிவிடுகிறார்கள். வடக்குப் பக்கத்தின் அடியில் பழைய வெண்ணிறப் போர்வைக் கற்கள் சில மிச்சமிருக்கின்றன. ஒருகாலத்தில் பிரமிடு முழுவதும் அப்படி வழவழவென்று இருந்தது என்பதை அந்தச் சில கற்களைப் பார்த்தால்தான் மனம் நம்பும். கிழக்கே கரிய பசால்ட் கல் பாவிய தளம், ஈமக் கோவிலின் மிச்சம். அதைத் தாண்டி அரசியரின் மூன்று சிறிய பிரமிடுகள். உள்ளே ஏறுவதற்குத் தனி டிக்கெட் உண்டு. குனிந்து ஏறி, மூச்சு முட்டி, வெறும் கருங்கல் பெட்டியைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். ஒரு நாள் பயணத்தில் அதற்கு நான் நேரம் கொடுக்க மாட்டேன். பிறகு ஸ்பிங்க்ஸ், சாப்பாடு, விமானம்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட பயணங்களில் நேரத்தைத் தின்பவை பாப்பிரஸ் என்ற நாணல்தாள் விற்கும் கடையும் வாசனைத் தைலக் கடையும். “பத்து நிமிடம்” என்று அழைத்துப்போய் தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். கடைகளுக்குப் போகக் கூடாது என்று பணம் கட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பர் வேறொன்றைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு வாய் பேசியிருக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்காக விமானம் எரிக்கும் எண்ணெய்க்கு என்ன நியாயம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் மறுபடி அபு சிம்பெல் போவதானால் சாலை வழியாகப் போய் ஓர் இரவு தங்கலாம். அஸ்வானிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். முகப்பு கிழக்கு நோக்கியது என்பதால் கூட்டமெல்லாம் காலையில்தான். பிற்பகலில் சிலைகள் நிழலுக்குள் போய்விடும். படம் சுமாராகத்தான் வரும், ஆனால் உள்ளே நிம்மதியாக நிற்கலாம். அதுவரை கைபேசியில் இருக்கும் படங்களை ஒரு முறை புரட்டுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்த உருவங்களோடு பெரிய தூண்கள் தெரிந்தால் அது முதல் மண்டபம், இப்பக்கம் நான்கு, அப்பக்கம் நான்கு. அந்தத் தூண்களுக்குப் பின்னால் கேடயங்களை வரிசையாக நட்ட ஒரு சதுரம் எங்காவது படத்தில் விழுந்திருந்தால் அதுதான் ராமேசஸின் முகாம். ஒற்றர்கள் அடி வாங்குவது அதற்கு அருகில்தான்.

அன்புடன்.