தோசைக்கல்லைப் பரணில் ஏற்றுங்கள்

கேள்வி: சித்திரைத் திருவிழாவில், மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று எங்கள் வீட்டுக்கு உறவினர் 18 பேர் வந்துவிடுவார்கள். இரவு சாப்பிட்டுத் தங்கி, விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போவார்கள். பூரி கிழங்கு, தோசை, மெதுவடை, பணியாரம், கேசரி, சாம்பார், மூன்று சட்னி என்று செய்கிறேன். இரவு 11 மணி வரை அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை; வந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசினேன் என்று இல்லை. மாமியார், "சுடச்சுட வார்த்துப் போடுவதுதான் மரியாதை" என்கிறார். கணவர், "கடையில் புரோட்டா வாங்கிவிடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, செல்லூர், மதுரை

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. உங்கள் பட்டியலும் சரியில்லை. பூரி, தோசை, வடை, பணியாரம் நான்குமே ஆள் பக்கத்தில் நின்றால்தான் ஆகிற பலகாரம். ஒரே ராத்திரியில் நான்கையும் வைத்துக்கொண்டு "அடுப்படியை விட்டு நகர முடியவில்லை" என்றால் எப்படி நகர முடியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாலு தோசை என்றால் 18 பேருக்கு 72. ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தாலும் மூன்று மணி நேரம். கடைசி ஆள் நாலாவது தோசைக்குக் கை காய உட்கார்ந்திருக்கும்போது, முதலில் சாப்பிட்டவருக்கு மறுபடி பசி எடுத்திருக்கும். மாமியார் சொல்லும் மரியாதை நாலு பேர் வரும் நாளுக்குப் பொருந்தும். திருமலை நாயக்கர் மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் வருகையையும் ஒரே மாதத்தில் சேர்த்து வைத்தாலும் வைத்தார், மதுரை வீடுகளில் விருந்தாளி நாலோடு நிற்பதில்லை.

கணவருக்கும் ஒரு வார்த்தை. எதிர்சேவை ராத்திரி தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் கூட்டத்தில் நீந்திப் போய் 40 புரோட்டா வாங்கி வருவதற்குள் அது ஆறி ரப்பராகிவிடும். (ஆறிய புரோட்டாவை வாழையிலையில் சுற்றி இட்லிச் சட்டியில் மூன்று நிமிடம் ஆவியில் வைத்தால் மிருதுவாகும். அதைச் செய்யவும் நீங்கள்தான் அடுப்படிக்குப் போக வேண்டும்.) அதைவிட முக்கியம், வந்தவர்கள் மூன்று மணிக்கு எழுந்து ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள். மைதாவைத் தின்றுவிட்டு நாலு மணி நேரத் தூக்கத்தில் எழுந்து கூட்டத்தில் நிற்பது வேதனை.

ஆகவே இட்லி. கூட ஒரு சாம்பார், இரண்டு சட்னி, பொடி நல்லெண்ணெய், தயிர்வடை, ஒரு குளிர்ச்சியான இனிப்பு. இவ்வளவுதான். இதில் எதுவும் விருந்தாளி இலை முன் உட்கார்ந்த பிறகு செய்கிற வேலை இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். காலையில் மாசி வீதியில் தேர் பார்த்தவர்கள் ஏழு மணிக்கே பசி என்பார்கள். அழகரை எதிர்கொள்ளப் போனவர்கள் ஒன்பதரைக்குத்தான் திரும்புவார்கள். பந்தி போட்டு எல்லாரையும் காக்க வைக்காதீர்கள். வந்தவர் வந்தபடி சாப்பிடட்டும். அதற்கு ஆறினாலும் கெடாத சாப்பாடுதான் வேண்டும்.

மாவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து, பிள்ளைகளுக்கு மூன்று, மேற்கொண்டு பத்து என்று வைத்தால் 90 இட்லி. அதற்கு ஒன்றேகால் கிலோ இட்லி அரிசி, 300 கிராம் உளுந்து, இரண்டு தேக்கரண்டி வெந்தயம். மற்ற மாதங்களில் முதல் நாள் ராத்திரி அரைத்து வெளியே வைப்பதுபோல சித்திரையில் வைத்தால் மறுநாள் மாலைக்குள் மாவு புளித்துப் பொங்கி வழிந்து நாறிவிடும். இந்த வெயிலில் ஐந்தாறு மணி நேரம் போதும். அரிசியைக் காலை ஆறரைக்கு ஊறப்போட்டுவிட்டுத் தேர் பார்க்கப் போங்கள். வந்ததும் உளுந்தை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பதினொன்றரைக்குக் கிரைண்டரில் போடுங்கள். உளுந்துக்குத் தெளிக்கும் தண்ணீர் ஐஸ் தண்ணீராக இருக்கட்டும். கல் சூடேறினால் உளுந்து பொங்காது, இட்லி கல்லாகும். வெயில் காலத்தில் உப்பை அரைத்தவுடனே போட்டுக் கையால் கரையுங்கள், புளிப்பு கொஞ்சம் நிதானமாக ஏறும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பொங்கிய மாவைக் கரண்டி விட்டுக் கலக்காதீர்கள். உள்ளே இருக்கிற காற்று போய் இட்லி தட்டையாகும். ஓரத்திலிருந்து அப்படியே அள்ளி ஊற்றுங்கள்.

ஒரு நேரத்தில் 24 இட்லி வேகிற கொப்பரை வீட்டில் இல்லாவிட்டால் வாடகைப் பாத்திரக் கடையில் எடுங்கள். திருவிழா வாரத்தில் கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தட்டில் எண்ணெய் தடவுவதைவிட ஈரத்துணி போட்டு ஊற்றுவது மேல். துணியோடு கவிழ்த்துத் தண்ணீர் தெளித்தால் உடையாமல் வரும், அடுத்த ஈடுக்குத் தட்டு கழுவ வேண்டியதில்லை. ஒரு ஈடு வேக 10 முதல் 12 நிமிடம். ஊற்றி எடுப்பதோடு சேர்த்து இருபது. ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் நாலு ஈடும் முடிந்துவிடும். ஹாட்பாக்ஸில் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அடியிலும் மேலேயும் பருத்தித் துணி விரித்து இட்லியை அடுக்குங்கள். துணி இல்லாவிட்டால் மூடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டி மேல் இட்லியெல்லாம் கூழாகும். இதோடு கொப்பரையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள்.

சட்னி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேங்காய்ச் சட்னி இந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஒன்பதரைக்கு வருகிறவருக்கு அதை வைத்தால் ஆற்றங்கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்லெண்ணெயில் சுருள வதக்கி அரைத்த தக்காளிச் சட்னியும், வெங்காயம், மிளகாய் வற்றல், புளி வைத்த காரச் சட்னியும் போதும். இரண்டையும் மதியமே அரைத்துவிடலாம். தேங்காய் இல்லாமல் முடியாது என்றால் பாதியை முதலில் வைத்து, மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். சாம்பாருக்கு 400 கிராம் பாசிப்பருப்பு. ஆற ஆற இறுகும், பக்கத்தில் வெந்நீர் வைத்திருங்கள்.

மெதுவடையை விட மனமில்லை என்று தெரிகிறது. அதைத் தயிர்வடையாக்குங்கள். இட்லிக்கு உளுந்து ஊறப்போடும்போதே வடைக்கும் அரை கிலோ தனியாகப் போட்டு, மாவு அரைத்து முடிந்த கையோடு ஆட்டி எடுத்தால் 35 வடை வரும். இரண்டு மணிக்குள் சுட்டு முடித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்திப் பிழிந்து தயிரில் போடுங்கள். ஒன்றரை லிட்டர் தயிருக்கு அரை லிட்டர் காய்ச்சி ஆறிய பால் கலந்தால் இரவு வரை புளிக்காது. மூன்றில் ஒரு பங்கு தயிரைத் தனியே எடுத்து வைக்க மறந்தால், வடை எல்லாவற்றையும் குடித்துவிட்டு இரவு வறண்டுபோய் உட்கார்ந்திருக்கும்.

கேசரிக்குப் பதில் ஜிகர்தண்டா. மதுரையில் இருந்துகொண்டு சித்திரை ராத்திரியில் சூடான கேசரி எதற்கு? இரண்டரை லிட்டர் பாலை ஒன்றரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சிக் குளிர வையுங்கள். பாதாம் பிசின் 25 கிராம் போதும். முதல் நாள் இரவே நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டால் சட்டி நிறைந்துவிடும். மூன்று நாலு மணி நேரம் ஊறினது போதும் என்று எடுத்தால் நடுவில் கரகரவென்று கல்லாக இருக்கும். நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் கடையில் வாங்கியது. டம்ளரில் பிசின், சர்பத், பால், மேலே ஐஸ்கிரீம் என்று போடும் வேலையைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் விடுங்கள். கொஞ்சம் சிந்தும். சிந்தட்டும்.

உட்காரும் இடம் மொட்டை மாடி என்றே நினைக்கிறேன், செல்லூர் வீடுகளில் அதுதான் காற்றோட்டம். ஏழு மணிக்கும் தளம் அடுப்பு மாதிரிதான் இருக்கும். ஐந்தரைக்கு ஒரு தரம், ஆறரைக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்துவிட்டுப் பிறகு ஜமுக்காளம் விரியுங்கள். விளக்கைச் சாப்பாட்டுக்கு நேர் மேலே கட்டினால் பூச்சி சாம்பாரில் விழும். நாலடி தள்ளிக் கட்டுங்கள். காற்றில் வாழையிலை பறக்கும், பாக்குமட்டைத் தட்டு நல்லது. முழங்கால் வலிக்காரர்கள் கேட்டு வாங்க மாட்டார்கள், கேட்கும் முன்பே ஐந்து நாற்காலியும் ஒரு மேஜையும் போட்டிருக்கட்டும். குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு. படியேறி வந்ததும் கையில் கொடுக்க நீர்மோர்: ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். மேல்தொட்டியை மதியமே நிரப்பிவிடுங்கள்; 18 பேர் குளிக்கும்போது மோட்டார் போட ஓடுவது விருந்து அல்ல.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு நாத்தனாரும் சித்தியும் அடுப்படிக்குள் வருவார்கள். "ஒன்றும் வேண்டாம், உட்காருங்கள்" என்கிறீர்கள் இல்லையா? அங்கேதான் தப்பு. பேருக்கு ஒரு வேலையை முன்பே எழுதி வையுங்கள். தண்ணீர் ஊற்றுவது கொழுந்தனார், தட்டெடுப்பது மச்சான், மல்லிகைப் பூ கிள்ளிக் கொடுப்பது சித்தி. பூவை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால்தான் இரவு வரை மொட்டாக இருக்கும்.

விடியற்காலைக்குக் கையில் கொடுக்கப் புளியோதரை. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே காய்ச்சிவிடுங்கள். ஒரு கிலோ அரிசி பத்துப் பன்னிரண்டு பொட்டலம் வரும். 18 பேருக்கு ஒன்றரை கிலோ. சாதத்தை இரவே வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறிய பிறகு கிளறுங்கள். சூட்டோடு கிளறினால் குழையும், சூட்டோடு பொட்டலம் கட்டினால் வேர்த்து ஊசும்.

மீந்த மாவு இரண்டு கிண்ணம் கட்டாயம் இருக்கும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, "என்ன இருந்தாலும் ஒரு தோசை இல்லையே" என்று மாமியார் சொன்னால், அவருக்கு மட்டும் முறுகலாக ஒன்று வார்த்துக் கொடுங்கள். பரணிலிருந்து கல்லை இறக்குவதும் வார்ப்பதும் புரோட்டா யோசனை சொன்னவர் வேலை.