முதல் வேலை: இதய அறுவை சிகிச்சைத் துறையா, பொது மருத்துவமா?

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் (சுருக்கமாக பி.ஏ., டாக்டரோடு சேர்ந்து நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர்) இன்டர்ன்ஷிப்பை முடிக்கப்போகிறாள், கையில் இரண்டு வேலை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் இதய அறுவை சிகிச்சைத் துறை, திருநெல்வேலியில் பொது மருத்துவம். எடுத்த எடுப்பில் ஒரே துறைக்குள் போனால் அப்புறம் வெளியே வரமுடியாதோ என்று பயப்படுகிறீர்கள்.

பயம் நியாயம்தான். ஆனால் நம் நாட்டில் இந்தப் படிப்பே இதயத் துறைக்குள்தான் பிறந்தது. 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் இதைத் தொடங்கினார். அதனாலோ என்னவோ, பி.ஏ. என்பவர் என்ன செய்யவேண்டும் என்பதில் இந்தத் துறைக்காரர்களுக்குக் குழப்பம் குறைவு. பொது மருத்துவத்தில் அந்தத் தெளிவு எல்லா இடத்திலும் இல்லை. எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று போன பிள்ளைகள் சிலர் காலை முதல் மாலை வரை டிஸ்சார்ஜ் சம்மரி அடித்துக்கொண்டு, காப்பீட்டு அனுமதிக்கு ரிப்போர்ட்களை ஏற்றிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெயர் என்னவோ பொது மருத்துவம்தான், நோயாளியைத் தொட்டே நாளாகியிருக்கும்.

ஆகவே துறையின் பெயரை விடுங்கள். தினசரி வேலை என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். பைபாஸ் நடக்கும்போது காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துக்கொடுப்பது, காயத்தைத் தைத்து மூடுவது, இதெல்லாம் ஓ.டி. வேலை, அதாவது ஆபரேஷன் தியேட்டருக்குள் செய்வது. அது மட்டும்தான் என்றால் நான் தயங்குவேன். நாளைக்கே கல்யாணமாகி, இதய அறுவை சிகிச்சை நடக்காத ஊருக்குப் போனால் அந்தக் கைத்திறனுக்கு அங்கே வேலை இருக்காது. ஐசியூவும் வார்டும் சேர்த்துக் கொடுத்தால் கதையே வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் வைக்கும் வடிகுழாயில் வந்துகொண்டிருந்த ரத்தம் சட்டென்று நின்றால், கசிவு நின்றுவிட்டதா, குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே தேங்குகிறதா என்று சந்தேகப்பட அங்கேதான் பழகுவாள். பொட்டாசியம் குறைவதும் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் அவள் கண்ணில் முதலில் படும். இது எந்த ஊர் ஐசியூவிலும் செல்லும்.

இதைவிட முக்கியம், அவளுக்கு மேலே யார் என்பது. பி.ஏ. தன் பொறுப்பில் தனியாக மருத்துவம் பார்க்க முடியாது, டாக்டரின் மேற்பார்வையில்தான் எல்லாம். ரவுண்ட்ஸில் நிறுத்திக் கேள்வி கேட்கிற டாக்டர் கிடைத்தால் துறை எதுவானாலும் பிழைத்துக்கொள்வாள். ராத்திரி டியூட்டியில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, முதல் ஆறு மாதம் யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நேரடியாகக் கேட்கட்டும். அங்கேயே வேலை செய்கிற சீனியர் பி.ஏ. ஒருவரிடம் தனியாகப் பேசினால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். எச்.ஆர். சொல்வதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்று எழுதி வாங்கும் பாண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்கவேண்டாம், நகல் போதும்.

அமெரிக்காவில் பி.ஏ. நினைத்தபோது துறை மாறலாமே என்று மகள் சொல்கிறாளாம். மாறலாம்தான். ஆனால் அங்கே வேலை பார்க்க அந்த நாட்டு அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, தேசியத் தேர்வும் எழுதவேண்டும், நம் பட்டம் மட்டும் போதாது. அதை இந்த முடிவோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவேண்டாம். இங்கே 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் இந்தத் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது, பதிவு விஷயத்தில் அதைக் கவனித்து வரட்டும்.

என்னைக் கேட்டால், ஐசியூவும் உண்டு என்று எழுத்தில் கொடுத்தால் சென்னை. கொடுக்காவிட்டால், திருநெல்வேலியில் டாக்டர் யார், வார்டு வேலை எவ்வளவு என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள், பேசுவோம். பதில் சொல்ல எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்குள் இரண்டு இடத்திலும் ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில் கூட நிற்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.