சாலையோரக் குப்பையும் அனுமதியில்லாத விளம்பரத் தட்டிகளும்: கேள்வி பதில்

கேள்வி: நடைப்பயிற்சியோடு தெருக் குப்பையையும் பொறுக்கலாம் என்று நினைக்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: நீளப் பிடி வைத்த இடுக்கி, தடித்த கையுறை, பளிச்சென்று தெரியும் மேலங்கி, கெட்டியான பை. அவ்வளவுதான். இடுக்கி இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள். குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டால் மறுநாளே ஆசை போய்விடும். எதிரே வண்டி வரும் பக்கமாக நடங்கள். பை காலில் உரச வேண்டாம், உள்ளே கண்ணாடிச் சில்லு இருக்கலாம். வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரத்தைச் சாலைத் துறைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: கம்பத்துக்குக் கம்பம் 'வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்' தட்டி. பிடுங்கிவிடலாமா சார்?

பதில்: கை துறுதுறுக்கும், தெரியும். தட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அது யார் நிலத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். தனியார் இடமென்றால் தொடவே கூடாது. பொது இடத்திலும் ஊருக்கு ஊர் விதி மாறும். சில இடங்களில் ஊழியர்களும் அனுமதி பெற்ற தன்னார்வலர்களும் மட்டும்தான் எடுக்கலாம். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தேர்தல் தட்டிகள் பக்கமே போகாதீர்கள். அவற்றுக்குத் தனி விதிகள் இருக்கும். 'அந்தக் கட்சியுடையதை மட்டும் எடுக்கிறார்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்புறம் தெருவில் யாரும் உங்களோடு வர மாட்டார்கள்.

எடுக்கும் முன் தொலைபேசி எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அபராதம் போட நினைக்கும் அதிகாரிக்கு அந்த எண்தான் பிடி. நான் பார்த்தவரை, வாரக் கடைசியில் அலுவலகம் பூட்டிய பிறகுதான் புதிய தட்டிகள் முளைக்கும். உடனுக்குடன் எடுத்துவிட்டால்தான் வைத்தவருக்கு உறைக்கும். ஒரு மாதம் நின்ற தட்டியை எடுப்பதால் அவருக்கு என்ன நட்டம்?

கேள்வி: மரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆணியையும் பிடுங்கலாமா?

பதில்: ஆட்டம் கண்ட ஆணியைப் பிடுங்கலாம். பட்டை மூடி வளர்ந்துவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், தோண்டினால் காயம் பெரிதாகும். ஆணியைவிடக் கம்பிக்கட்டுதான் மோசம். இலையில் உருவாகும் உணவு பட்டைக்கு உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி அதை நெரிக்கும். கம்பி பதிவதற்குள் வெட்டிவிடுங்கள். மின்கம்பத்தில் ஏணி போட்டு ஏறவே கூடாது.

கேள்வி: ஊசி கிடந்தால்?

பதில்: கையுறை ஊசியைத் தடுக்காது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவைத் தரையில் வைத்து, இடுக்கியால் முனை கீழே இருக்கும்படி போடுங்கள். டப்பாவை இன்னொரு கையில் பிடிக்காதீர்கள், ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டவும் முயலாதீர்கள். ஏதோ திரவம் இருக்கும் மூடிய பாட்டிலைத் திறக்க வேண்டாம். லித்தியம் பேட்டரியைத் தனியாக வையுங்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

கேள்வி: அடுத்த வாரமே மறுபடி குப்பை. வீண் வேலைதானே அண்ணா?

பதில்: நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. நிறுத்தியிருந்த சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுப் பிரசுரம் மாட்டினார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் அதைக் கீழே போட்டார்கள்; சுவரில் கிறுக்கியிருந்தபோது 69 சதவீதம். சுத்தமான சுவர் முன்பும் மூன்றில் ஒருவர் போட்டார், அதனால் குப்பை அடியோடு நிற்காது. ஆனால் பாதிக்கு மேல் குறைகிறதே!

கேள்வி: சிகரெட் துண்டு மக்கிவிடாதா?

பதில்: அதன் வடிகட்டி செல்லுலோஸ் அசிட்டேட், பிளாஸ்டிக் வகை. மக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். மழைக்கு முன்பே பொறுக்குங்கள். பெய்துவிட்டால் வடிகாலுக்குள் போய்விடும்.

கேள்வி: எடுத்த ஃபிளெக்ஸ் பேனர்களைக் கொளுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூச்சு. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வரும். சுருட்டிக் கட்டி, குப்பை எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.