வெளிநாடு போனதும் குரோஷாவும் தையலும் ஏன் அளவு தப்புகிறது?

கேள்வி: கணவரின் வேலைக்காக வெளிநாடு வந்து ஐந்து மாதம் ஆகிறது. பத்து வருடமாகக் குரோஷா, தையல் இரண்டும் பழக்கம். இங்கே வந்தபின் எதைத் தொட்டாலும் அளவு தப்புகிறது. இணையத்தில் எடுத்த பேட்டர்னைப் பார்த்துப் போட்ட குழந்தை ஸ்வெட்டர் முழங்காலைத் தொடுகிறது. அடுத்த மாதம் தம்பி வருகிறான். என் தையல் மிஷினையும் நூல் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லலாமா? நாங்கள் இருப்பது மாடி வீடு, மரத்தரை. மிஷின் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்றும் யோசனை. செய்வதை விற்கலாமே என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: ஸ்வெட்டரை முதலில் பார்த்துவிடுவோம். அதை மேஜைமேல் விரித்து அளந்து பாருங்கள். மார்புச் சுற்றளவு ஏறக்குறைய சரியாக இருந்து, நீளம் மட்டும் எக்கச்சக்கமாகப் போயிருக்கிறதா? முழங்கால் வரை வந்தது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் உங்கள் கையில் பிசகு இல்லை. நீங்கள் கற்றது அமெரிக்கச் சொல், கையில் கிடைத்தது பிரிட்டிஷ் பேட்டர்ன்.

குரோஷாவில் ஒரே பெயருக்கு இரண்டு நாட்டில் இரண்டு பொருள். அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதை பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 'டபுள் குரோஷே' என்பார்கள். அமெரிக்கரின் 'டபுள்' அங்கே 'ட்ரெபிள்'. அமெரிக்க 'ட்ரெபிள்' அங்கே 'டபுள் ட்ரெபிள்'. ஆக பேட்டர்னில் 'டிசி' (டபுள் குரோஷே என்பதன் சுருக்கம்) என்று போட்டிருந்தது குட்டையான கண்ணி. நீங்கள் போட்டது அதைப்போல இரண்டு மடங்கு உயரமான கண்ணி. கண்ணி எண்ணிக்கை மாறவில்லை, அதனால் அகலம் தப்பவில்லை. வரிசை ஒவ்வொன்றும் உயர்ந்தது, நீளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எந்த நாட்டுச் சொல் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தால் நல்லது. எழுதாவிட்டால் நான் பார்க்கும் இடங்கள் இவை. 'சிங்கிள்' என்ற சொல் எங்காவது தென்பட்டால் அது அமெரிக்கப் பேட்டர்ன். பிரிட்டிஷ் முறையில் அந்தக் கண்ணிப் பெயரே கிடையாது. ஒரு கண்ணியைத் தாண்டிப் போவதற்கு 'ஸ்கிப்' என்றால் பெரும்பாலும் அமெரிக்கா, 'மிஸ்' என்றால் பிரிட்டன். இதிலும் பிடிபடவில்லையென்றால் வரிசை திரும்பும் இடத்தில் எத்தனை சங்கிலி போடச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். டிசி வரிசைக்கு ஒரு சங்கிலி என்றால் அது குட்டைக் கண்ணி, பிரிட்டிஷ். மூன்று சங்கிலி என்றால் உயரக் கண்ணி, அமெரிக்கா. எனக்குக் கடைசிவரை கைகொடுப்பது இந்தச் சங்கிலிக் கணக்குதான்.

இனி, விரித்துப் பார்த்ததில் அகலமும் சேர்ந்தே பெருத்திருக்கிறது என்றால் கதை வேறு. மாதிரித்துண்டு போடாமல் நேரே ஸ்வெட்டருக்குப் போயிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பத்து வருடப் பழக்கம் இருப்பவர்கள்தான் இதில் வழுக்குவார்கள். வழக்கமான நூல், வழக்கமான ஊசி என்றால் கைக்கே கணக்குத் தெரியும். அறிமுகமில்லாத நூலில் கைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டர்ன் 10 செ.மீ.க்கு 20 கண்ணி கேட்கிறது, உங்களுக்கு 18தான் வருகிறது. இரண்டு கண்ணிதானே என்று விட்டால், 90 செ.மீ. வர வேண்டிய 180 கண்ணிச் சுற்று 100 செ.மீ. ஆகிவிடும். 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு போட்டு, துவைத்து, உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள், ஓரம் சுருண்டு பொய் சொல்லும். கண்ணி குறைவாக வந்தால் ஒரு சுற்றுச் சிறிய ஊசி, கூடுதலாக வந்தால் பெரிய ஊசி. துவைக்கச் சொல்வது சும்மா இல்லை. கம்பளி நூலில் சில வகை முதல் துவைப்பிலேயே தளர்ந்து நீளும். சில வகை வெந்நீரிலும் சுழற்சியிலும் திரண்டு போர்வைத் துணிபோல் இறுகிவிடும்.

ஊசி எண்ணிலும் இதே குழப்பம். பின்னலூசியில் அமெரிக்க 8 என்பது 5 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் 8 என்பது 4 மி.மீ. எண் 6-இல் அப்படியே தலைகீழ்: அமெரிக்காவில் 4 மி.மீ., பிரிட்டனில் 5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 14 என்பது 2 மி.மீ., மூன்று பூஜ்யம் போட்டது 10 மி.மீ. குரோஷா ஊசிக்கு அமெரிக்காவில் எழுத்து வேறு உண்டு: ஜி என்றால் 4 மி.மீ., எச் என்றால் 5 மி.மீ. பழைய பொருள் விற்கும் கடைகளில் ஊசிகளைக் கட்டுக்கட்டாக மலிவாகக் கொடுப்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே துளைபோட்ட அளவுத் தகடு ஒன்றும் வாங்கிவிடுங்கள். எந்த ஊசியையும் துளையில் விட்டு மில்லிமீட்டரைப் பார்த்துக்கொண்டால் போதும், மேலே பொறித்திருக்கும் எண்ணை மறந்துவிடலாம்.

நூலுக்கு 'ப்ளை' என்று சொல்வதும் அப்படித்தான். அமெரிக்காவில் அது எத்தனை இழை முறுக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு. ஆஸ்திரேலியாவில் அது நூலின் பருமன்: அங்கே 8 ப்ளை என்பதைத்தான் பிரிட்டனில் டிகே என்ற நடுத்தரப் பருமன் நூல் என்கிறார்கள், 4 ப்ளை என்றால் மெல்லிய நூல். லேபிளில் நூல்கண்டு படத்துக்குள் 0 முதல் 7 வரை ஓர் எண் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிகே 3, அதைவிடத் தடித்த வொர்ஸ்டெட் 4. அந்த எண்ணும் இல்லையென்றால் 50 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். பேட்டர்ன் சொல்லும் நூலுக்கும் கடையில் இருப்பதற்கும் மீட்டர் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் துணிந்து வாங்கலாம். ஒரே தடவையில் சாயமேற்றிய கண்டுகளுக்குப் போடும் சாயத் தொகுதி எண்ணும் எல்லாக் கண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

பூவேலை நூலில் ஆங்கர், டிஎம்சி என்ற இரண்டு கம்பெனிக்கும் நிற எண் வேறு வேறு. கறுப்பு ஆங்கரில் 403, டிஎம்சியில் 310. மாற்றுப் பட்டியல்கள் கிடைக்கும், ஆனால் சாயல் அச்சுப்பிசகாமல் வராது. பாதி முடிந்த வேலையில் கம்பெனி மாற்ற வேண்டாம்.

தைக்கும் பேட்டர்னை வீட்டில் அச்செடுத்தீர்களா? உலகத்தில் பாதிக்கு மேல் ஏ4 தாள், 210-க்கு 297 மி.மீ. அமெரிக்காவிலும் கனடாவிலும் லெட்டர் தாள், ஏறக்குறைய 216-க்கு 279 மி.மீ. ஒன்றுக்கு வரைந்ததை மற்றதில் அடித்தால் பிரிண்டர் தானாகவே 'தாளுக்கு ஏற்ப' சுருக்கிவிடும். நூற்றுக்கு நூறு என்று அமைத்து, அளவு சரிபார்க்க வரைந்திருக்கும் சோதனைச் சதுரம் உள்ள பக்கத்தை மட்டும் முதலில் அடித்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஐந்து செ.மீ. சதுரம் 4.7 வந்தால் அந்த அச்சில் துணி வெட்டாதீர்கள். தையலுக்கு விடும் ஓரம் வரைபடத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பேட்டர்ன்களில் வழக்கமாக 1.5 செ.மீ. சேர்த்தே வரைந்திருக்கும், சில ஐரோப்பிய இதழ்களில் நாம்தான் சேர்த்து வெட்ட வேண்டும். சைஸ் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அமெரிக்காவின் 8 ஏறத்தாழ பிரிட்டனின் 12. டேப்பை எடுத்து உடம்பை அளப்பதுதான் வழி.

இப்போது மிஷின். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே இரண்டு பக்கமும் சொல்கிறேன். மிஷினில் ஒயர் செருகும் இடத்துக்கு அருகில் ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220–240 வோல்ட் என்று இருந்தால், பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், வளைகுடாவின் பெரும்பகுதி இங்கெல்லாம் ஓடும். பிளக்கின் கால் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், ஜப்பானில் 100. அங்கே அதே மிஷினைச் செருகினால் புகையாது. விளக்கு மங்கலாக எரியும், மிஷின் முனகிக்கொண்டு நகரும். 120 வோல்ட் மிஷினை 230-இல் செருகுவதுதான் ஆபத்து, மோட்டார் போய்விடும்.

அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. அதை மாற்றுவது டிரான்ஸ்ஃபார்மர். மிஷின் மோட்டார் வழக்கமாக 70 முதல் 100 வாட். அதற்கு 300 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். தலைமுடி உலர்த்திக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் என்று விற்கும் கையடக்கமான பயணக் கன்வெர்ட்டரை மோட்டாருக்குப் போடாதீர்கள். நான் போட்டேன். நாலு அடி தைப்பதற்குள் விளக்கு துடித்தது, கை வைத்தால் சுட்டது, கருகிய வாடை வந்தது. அயர்ன் பாக்ஸையே மூட்டை கட்ட வேண்டாம். ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் பொருளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதைவிட அங்கே புதிதாகவே வாங்கிவிடலாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், 120 வோல்ட் நாடென்றால் மிஷின் வரவே வேண்டாம். 230 வோல்ட் நாடென்றாலும், அது உங்கள் கைக்குப் பழகிய நல்ல மிஷினாக இருந்தால் மட்டும் வரட்டும். எடையும் கூடுதல், பாதிப் பெட்டி அதற்கே போய்விடும், பழுதானால் உதிரிபாகம் தேட வேண்டும். இரண்டாம் கையாக ஓர் எளிய மெக்கானிக்கல் மிஷின் அங்கேயே எடுத்துக்கொள்வது லாபம். ஊசியைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள வீட்டு மிஷின் ஊசி பெரும்பாலான கம்பெனிக்கும் ஒன்றுதான். உறையில் 90/14 என்று இருந்தால் முதல் எண் துணிக்குள் இறங்கும் ஊசிக் கம்பியின் பருமன், 0.9 மி.மீ.; இரண்டாவது அதற்கே அமெரிக்க எண். அடிநூல் சுற்றும் பாபின் அப்படி இல்லை. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் உயரத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் நூல் சிக்கும். வாங்கும் மிஷினோடு வரும் பாபினையே மாதிரிக்கு எடுத்துப்போய் வாங்குங்கள்.

அப்போது தம்பி பெட்டியில் என்னதான் வைக்க? உங்கள் உடம்புக்கு வெட்டி, போட்டுப் பார்த்து, திருத்தி வைத்திருக்கும் காகித அச்சுகள் எல்லாம். எடை ஒன்றுமில்லை, எந்தக் கடையிலும் கிடைக்காது. கைக்குப் பழகிய ஊசிகள். துணி வெட்டும் கத்தரி. அதை செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பாதியில் நிற்கும் வேலைக்கு வேண்டிய நூல் மட்டும். மீதிப் பெட்டி அங்கேயே கிடக்கட்டும். விதைமணி, இறகு, ஓலைப் பின்னல், காய்ந்த பூ, பதப்படுத்தாத கம்பளி இவை இருந்தால் இறங்கும் நாட்டின் விதியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இவற்றை இறங்கும்போதே படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். பார்சலில் வந்தாலும் சோதிப்பார்கள்.

மரத்தரைச் சத்தத்தில் காதுக்குக் கேட்பதைவிட அதிர்வுதான் கீழே இறங்கும். மேஜையைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். மிஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, மேஜைக்கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் மடித்த கம்பளித் துண்டு. பிறகு ஒருநாள் கீழே போய், நான் தைப்பவள், எந்த நேரம் உங்களுக்குத் தொந்தரவு என்று கேட்டுவிடுங்கள். அந்த வீட்டில் பழகுவதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஊரில் வேறு யாரையும் தெரியவில்லையென்றால் பொது நூலகத்தில் விசாரியுங்கள். பல நகரங்களில் வாரம் ஒருநாள் பின்னல் வட்டம் கூடும்; சில நூலகங்களில் மிஷினே வைத்திருப்பார்கள். புது மொழியில் பேசக் கூச்சமாக இருக்கும்போது, கண்ணை ஊசியில் வைத்துக்கொண்டு பேசுவது எத்தனையோ சுலபம்.

விற்பனைக்கு அவசரப்படாதீர்கள். விசா என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் விசாவில், பணி அனுமதி அட்டை இல்லாமல் இருப்பவர் செய்து விற்றால் அது அனுமதியில்லாத வேலை. பிரிட்டனில் மாணவர் விசா சுயதொழிலுக்கு இடம் தராது. பொழுதுபோக்குத்தானே, நாலு பேருக்குத்தானே என்ற சமாதானம் செல்லாது. அனுமதி இருந்தாலும் குழந்தைப் பொம்மையில் தொடங்க வேண்டாம். ஐரோப்பாவில் இஎன் 71 பாதுகாப்பு விதி, அமெரிக்காவில் 12 வயதுக்குட்பட்டோர் பொருளுக்கான சோதனைச் சான்று, இரண்டும் கையால் போட்ட பொம்மைக்கும் உண்டு. பை, மேஜை விரிப்பு என்று ஆரம்பிக்கலாம்.

ஸ்வெட்டர் நூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குரோஷாவைக் கடைசியாகப் போட்ட முனையிலிருந்துதான் பிரிக்க முடியும். அந்த முனையைத் தேடி எடுத்து, பிரிக்கப் பிரிக்க நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வாருங்கள். நூல் சுருள்சுருளாக இருக்கும். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து கொடியில் தொங்கவிடுங்கள். கம்பளியானால் காய்ந்ததும் நேராகிவிடும். பிறகு 15 செ.மீ. சதுரம்.