அடுத்த மாதம் வேலைக்காக பெர்லின் போகிறேன். புது ஊரில் காலூன்ற முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரஷர் குக்கரும் பருப்புப் பொடியும் இந்நேரம் பெட்டிக்குள் போயிருக்கும். அவையெல்லாம் அங்கேயே கிடைக்கும். போன முதல் நாளே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள்.

2019 நவம்பரில் நொய்க்கோல்ன் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் பின்கட்டில் அறை எடுத்தேன். அங்கே கட்டடத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அழைப்புமணியிலும் தபால் பெட்டியிலும் இருக்கும் பெயர்தான் அடையாளம். இது எனக்குத் தெரியாது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பதிந்த பிறகு பதினோரு இலக்க வரி எண் தபாலில் வரும். வந்திருக்கிறது, பெட்டியில் என் பெயர் இல்லாததால் திரும்பியும் போயிருக்கிறது. வங்கி அட்டையும் அப்படியே. வரி எண் இல்லாததால் ஆறாம் வரி வகுப்பு என்று, இருப்பதிலேயே அதிகமான வரியை முதல் சம்பளத்தில் பிடித்தார்கள். பிற்பாடு திரும்பக் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மாத வாடகைக்கு அண்ணனிடம் கையேந்தினேன். கம்பெனியே வீடு பிடித்துக் கொடுத்தவர்கள் இங்கே சண்டைக்கு வர வேண்டாம்.

அம்மா கொடுத்தனுப்பிய மருந்துப் பையில் பிளாஸ்திரி இருந்தது. அதில் 'செல்லமுத்து' என்று எழுதி மணியிலும் பெட்டியிலும் ஒட்டினேன். அப்பாவின் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அவர்தான் இருக்கிறார். அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயரை, பல் மருத்துவமனையில் 'ஹெர் செல்லமுத்து', அதாவது திரு. செல்லமுத்து, என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். என் முறை போய்விட்டது.

நம்மவர்கள் உதவமாட்டார்களா என்பீர்கள். ஒரு பொங்கல் விருந்தில் ஒருவர் எந்த ஊர் என்றார். திண்டுக்கல் பக்கம் என்றேன். எந்தக் கிராமம், எந்தத் தெரு என்று போய்க்கொண்டே இருந்தார். அவருக்கு வேண்டியது தெரு அல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் இந்த விசாரணை விடவில்லை. எல்லோரையும் சொல்லவில்லை, எனக்குக் குளிர்காலக் கோட்டு கொடுத்தவரும் அதே விருந்தில்தான் இருந்தார்.

வாசல் மணியில் ஒட்டியது மழையில் கரைந்துவிட்டது. இரண்டாம் மாடிப் பாட்டி, கேட்காமலே, அழகாக அச்சடித்த சீட்டு ஒன்றை ஒட்டிவைத்தார். ஒரு 'எல்' குறைகிறது. நான் திருத்தவில்லை. தபால் ஒழுங்காக வருகிறது.