மூளையில் தேங்கும் புரதம்: வாசகர் கேள்வி – பதில்

மறதி நோய் பற்றி நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு எங்கள் மருத்துவக் குழுவின் பதில்கள்.

கேள்வி: எங்க அத்தைக்கு 74 வயசு. சோறு வடிச்சதை மறந்துட்டு மறுபடியும் உலை வைக்காக. டாக்டர் பார்த்துட்டு, "அல்சைமர், மூளையில புரதம் தேங்குது" என்றார். அன்றிலிருந்து முட்டை, பருப்பு, மீன் மூன்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இன்றைக்கே மறுபடி கொடுக்கத் தொடங்குங்கள் அம்மா. தட்டில் இருக்கும் புரதம் அப்படியே மூளைக்குப் போவதில்லை. குடலில் அது அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்தில் கலக்கிறது. மூளையில் தேங்குவது அமிலாய்டு பீட்டா, டௌ என்ற இரண்டு புரதங்கள். இரண்டையும் நம் உடம்பின் செல்களே செய்கின்றன. நீங்கள் பருப்பை நிறுத்தினாலும் அவை செய்துகொண்டுதான் இருக்கும்.

நிறுத்தினால் கரைவது அத்தையின் தசை. பிறகு கால் தள்ளாடும், விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 50 கிலோ எடை என்றால் 50–60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் கணக்கு வேறு. அதை அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டும்.

கேள்வி: "தேங்குகிறது" என்றால், முன்பு ஓடிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்? அதை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது எது? ஏன் நின்றது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: நிற்கவில்லை ஐயா, வேகம் குறைகிறது. 2010-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயாளிகள் 12 பேரையும் நோயில்லாத 12 பேரையும் ஒப்பிட்டு, முதுகுத்தண்டு நீரில் அமிலாய்டு எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு கழிகிறது என்று அளந்தார்கள். உற்பத்தி இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கழிவதில்தான் வித்தியாசம்: நோயில்லாதவருக்கு மணிக்கு 7.6 சதவீதம், நோயாளிக்கு 5.3. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கோளாறு வரத்தில் இல்லை, வடிகாலில் இருக்கிறது என்று காட்டியது.

செல்லுக்குள் கழிவகற்றும் ஏற்பாடு இரண்டு. முதலாவதில், பழுதான புரதத்தின் மேல் யூபிகுவிட்டின் என்ற சிறு புரதம் அடையாளச் சீட்டாக ஒட்டப்படுகிறது. அதில் 76 அமினோ அமிலங்கள். மூன்று வகை நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி ஒட்டுகின்றன. எதை ஒட்டுவது என்று ஆள் பார்ப்பது மூன்றாவது வகை. ஒரு சீட்டு போதாது, பொதுவாகக் குறைந்தது நான்கு சீட்டுகள் சங்கிலியாகச் சேர வேண்டும். அதன்பின் புரோட்டியசோம் என்ற பீப்பாய் அதைப் பிடிக்கிறது. வளையத்துக்கு 7 துண்டாக 4 வளையங்கள் அடுக்கிய பீப்பாய் அது. வாயில் உள்ள மூடி சீட்டுகளைக் கழற்றி மறுபயனுக்கு அனுப்பிவிட்டு, புரதத்தின் மடிப்பைப் பிரித்து நூலாக உள்ளே இழுக்கிறது. இதற்கு ஏடிபி என்ற எரிபொருள் செலவாகும். உள்ளே அது சிறு துணுக்குகளாக நறுக்கப்படுகிறது. இதைக் கண்டறிந்த சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கோளாறு அந்த வாயில்தான். நம் பாளையங்கால்வாயில் அமலைச்செடி ஒவ்வொன்றாக வந்தால் மடை வழியே போய்விடும். பின்னிப் பாயாகிவிட்டால் அடைத்துக்கொள்ளும். டௌ இழைகளும் முறுக்கிக் கட்டியானபின் மடிப்புப் பிரியாது. பீப்பாயின் வாயில் சிக்கி, மற்றக் கழிவும் போகவிடாமல் செய்கின்றன.

பெருங்கழிவுக்கு இரண்டாவது ஏற்பாடு: ஆட்டோஃபேஜி. கட்டியைச் சுற்றி இரட்டைச் சவ்வு பையாக வளர்ந்து மூடி, லைசோசோம் என்ற அமிலப் பையோடு சேர்கிறது. இதன் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த ஜப்பானியர் ஒசுமிக்கு 2016-இல் மருத்துவ நோபல். லைசோசோமின் நொதிகளுக்கு 4.5–5 என்ற அமில அளவு வேண்டும். அமிலத்தை உள்ளே தள்ளும் பம்பு தளர்ந்தால் பை வந்து சேரும், செரிக்காது.

நரம்பு செல்லுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. லைசோசோம்கள் பெரும்பாலும் செல்லின் உடலில் இருக்கின்றன. குப்பைப்பையோ நீண்ட வாலின் நுனியிலிருந்து அங்கே வர வேண்டும். அந்தப் பாதைக்குத் தண்டவாளமாக இருக்கும் நுண்குழாய்களைத் தாங்குவது இதே டௌதான். டௌ கழன்றால் ஒரே நேரத்தில் பாதையும் கெடும், குப்பையும் கூடும். மற்றச் செல்கள் பிரியும்போது குப்பையும் பங்கிடப்படும். நரம்பு செல் பிரிவதே இல்லை, எல்லாவற்றையும் தானே சுமக்கிறது.

அமிலாய்டு சங்கதி வேறு. அது செல்லுக்கு வெளியே படிகிறது, புரோட்டியசோமின் கைக்கு எட்டாது. அதை விழுங்க மைக்ரோக்லியா செல்கள், வெட்ட நெப்ரிலைசின் என்ற நொதி, மற்றும் இன்சுலினைச் சிதைக்கும் நொதி. ஆம், இன்சுலினைச் சிதைக்கும் அதே நொதிதான் அமிலாய்டையும் சிதைக்கிறது.

கேள்வி: தாத்தாவுக்கு மறதி நோய். லேபில் ஏபிஓஇ ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு 22 வயது.
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: வேண்டாம் தம்பி. ஏபிஓஇ கொழுப்பைச் சுமக்கும் புரதம், 299 அமினோ அமிலம் கொண்டது. அதில் 112-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் ஆர்ஜினின் வந்தால் அது நான்காம் வகை. அமிலாய்டை அகற்ற மற்ற வகைகளைப்போல் உதவாது. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு, இரண்டு இருந்தால் 8 முதல் 12 மடங்கு என்ற கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரிடம் எடுத்தது. இரண்டு பிரதி இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. முடிவு எதுவானாலும் 22 வயதில் செய்ய வேண்டியது மாறாது. அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் போன்ற ஊசிமருந்து தொடங்கும் முன்தான் இந்தச் சோதனைக்கு நேரடிப் பயன். நான்காம் வகை இரண்டு பிரதி உள்ளவருக்கு அந்த ஊசியால் மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வருவது அதிகம்.

கேள்வி: விரதம் இருந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்னும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வயது 68, சர்க்கரை மாத்திரை போடுகிறேன். வாரம் இரண்டு நாள் இருக்கலாமா?
– வாசகர், களக்காடு

பதில்: பட்டினியில் ஆட்டோஃபேஜி கூடுவது ஈஸ்டிலும் எலியிலும் நன்றாகத் தெரியும். விரதத்தால் மனித மூளையின் கட்டி கரைந்ததாக நிரூபணம் இல்லை. ஆனால் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வருவது நிச்சயமாக நடக்கக்கூடியது. அப்படி அடிக்கடி இறங்குவதே மூளைக்குக் கெடுதல். டாக்டரிடம் மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளாமல் விரதம் இருக்க வேண்டாம் ஐயா.

தூக்கத்தைக் கவனியுங்கள். 2018-இல் 20 பேரை ஓர் இரவு விழிக்கவைத்து ஸ்கேன் எடுத்தபோது மூளையில் அமிலாய்டு சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால், அதைச் சரிசெய்வது விரதத்தைவிடப் பயன் தரும்.

கேள்வி: வல்லாரைக் கீரை?
– வாசகி, வள்ளியூர்

பதில்: துவையலுக்கு அருமை. கட்டியைக் கரைக்காது.

கேள்வி: அப்பாவுக்கு மறதி. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். எதைக் கேட்க வேண்டும்?
– வாசகர், நாங்குநேரி

பதில்: எல்லா மறதியும் புரதக் கட்டியால் வருவதில்லை. பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, தலை ஸ்கேன் ஆகியவற்றைக் கேளுங்கள். சில மாதங்களுக்குள் கீழே விழுந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்; மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் மறதிபோலவே தோன்றும், அறுவை சிகிச்சையால் சரியாகலாம். இரண்டே நாளில் குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். போடும் மாத்திரை அட்டைகள் அத்தனையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, சளிக்கான குளோர்பெனிரமின், சிறுநீர் அடக்கும் மாத்திரை ஆகியவை நினைவைக் குழப்பக்கூடியவை. காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கேட்காததை மறந்ததாக வீட்டார் எண்ணிக்கொள்வது சாதாரணம், சில நேரம் அடைத்திருப்பது வெறும் குறும்பிதான்.